ஒரே அமைச்சரவை, இரண்டு அடுப்புகள்

சர்ச்சில் பேச்சை எடுத்தாலே எனக்கும் என் நெடுநாள் நண்பர் ஒருவருக்கும் முட்டிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரைக் கரைத்துக் குடித்தவர் அவர். டன்கிர்க் கடற்கரையிலிருந்து மீட்கப்பட்டவர்கள் 3,38,000 பேர் என்பதை, சொந்த வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்களை எண்ணிச் சொல்வதுபோலச் சொல்லுவார். அவருடைய வாதம் எப்போதும் 1940 மே கடைசி வாரத்தில்தான் தொடங்கும். பிரான்ஸ் சரிந்துகொண்டிருக்கிறது, பிரிட்டன் படை கடற்கரையில் சிக்கிக் கிடக்கிறது. வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ், முசோலினி வழியாகச் சமாதானத்துக்கு வழியிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம் என்கிறார். பிரதமர் பதவிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகாத சர்ச்சில் முடியவே முடியாது என்று நின்றுவிடுகிறார். "அன்னைக்கு அந்த மனுஷன் வளைஞ்சு கொடுத்திருந்தா, இன்னைக்கு உலகமே வேற மாதிரி இருக்கும்பா" என்பார் நண்பர். இதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. நாஜிகள் ஐரோப்பாவில் என்ன செய்தார்கள் என்று தெரிந்த எவரும் அந்த வாரத்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

பிறகு நான் வங்காளத்தைப் பற்றிப் பேசுவேன். 1943-ல் அங்கே பட்டினியிலும் அதன் பின்னாலேயே வந்த நோய்களிலும் செத்தவர்கள் எத்தனை பேர்? அரசு அமைத்த விசாரணைக் குழு 15 லட்சம் என்றது. பிற்கால ஆய்வாளர்கள் பலர் 30 லட்சம்வரை சொல்கிறார்கள். நண்பர் பெருமூச்சு விடுவார். "கொடுமைதான். ஆனா போர்க்காலம், கப்பல் இல்லைப்பா." பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் அந்தப் பதில் முழுப் பதில் மாதிரியே இருக்கிறது. அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்ததும் உண்மை, வங்கக் கடலில் ஜப்பான் இருந்ததும் உண்மை. இருந்தும் அந்தப் பதில் எனக்குள் செரிக்கவே இல்லை. ஏன் என்று யோசித்து யோசித்து, கடைசியில் எனக்குப் பிடிபட்டது போர்க்களங்களில் இல்லை, சமையலறையில்.

மூன்று சர்க்கரைக் கட்டிகள்

லண்டனில் வைட்ஹால் பகுதியில், அரசுக் கட்டடம் ஒன்றின் அடியில், சர்ச்சிலும் அவருடைய போர் அமைச்சரவையும் குண்டுவீச்சுக்குத் தப்பி வேலை பார்த்த நிலவறைகள் இருக்கின்றன. இப்போது அருங்காட்சியகம். வேலையாக லண்டன் போயிருந்தபோது ஒரு மதியம் அங்கே கழித்தேன். போர் முடிந்து 1945 ஆகஸ்டில் விளக்கை அணைத்துவிட்டுப் போன வரைபட அறை, ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. சுவர் முழுக்கப் பெரிய வரைபடங்கள். அட்லாண்டிக் வரைபடத்தின் அருகில் போய்ப் பார்த்தால் கடல் முழுக்கப் பொடிப்பொடி ஓட்டைகள். கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கோதுமையும் எண்ணெயும் ஏற்றிவந்த கப்பல் அணிகள் எங்கே வந்துகொண்டிருக்கின்றன என்று ஊசி குத்தி, எடுத்து, நகர்த்தி, மறுபடி குத்திய தடங்கள். ஒவ்வொரு ஓட்டைக்குப் பின்னாலும் எத்தனை வீட்டுச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

அதே அறையில் இன்னொன்றும் காட்சிக்கு இருக்கிறது. அங்கே பணிபுரிந்த விமானப்படை அதிகாரி ஒருவரின் மேசை இழுப்பறையில், ஓர் உறைக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்த சர்க்கரைக் கட்டிகள். மூன்று. தன் பங்கில் மிச்சம் பிடித்தது. பல பத்தாண்டுகள் கழித்து அறையைச் சீர்செய்யும்போதுதான் கண்டெடுத்திருக்கிறார்கள். பேரரசின் போர்த் திட்டங்கள் தீட்டப்பட்ட அறையிலேயே, ஓர் உயர் அதிகாரி மூன்று சர்க்கரைக் கட்டியை ஒளித்துவைக்கும் அளவுக்குப் பங்கீடு கறாராக இருந்தது. எனக்கு அந்த நாட்டின் மேல் உண்மையான மரியாதை வந்தது அந்த உறையைப் பார்த்தபோதுதான். அந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

பிரிட்டன் பங்கீட்டை நடத்திய விதம் அப்படி. 1940 ஜனவரி 8-ஆம் தேதி வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சி மூன்றோடு தொடங்கினார்கள். பிறகு தேயிலை, ஆட்டிறைச்சி மாட்டிறைச்சி, பாலாடைக்கட்டி, ஜாம் என்று நீண்டுகொண்டே போனது. ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம். ஏதாவது ஒரு கடையில் பதிந்துகொள்ள வேண்டும். ஆளுக்கு வாரத்துக்குச் சர்க்கரை சுமார் 225 கிராம், தேயிலை 55 கிராம், முட்டை கிடைத்தால் ஒன்று. நம்மூர் ரேஷன் கடையில் வரிசையில் நின்று வளர்ந்த எவருக்கும் இந்தக் கணக்கு அந்நியமாகத் தெரியாது. சரக்கு வந்துவிட்டதா என்று பக்கத்து வீட்டில் கேட்பது, வரிசையில் இடம்போட்டுவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுவது, எல்லாம் அங்கேயும் நடந்ததுதான். உணவு அமைச்சராக வந்த வூல்டன் பிரபு தொழில்முறை அரசியல்வாதி இல்லை. பெரிய பல்பொருள் அங்காடி நிறுவனத்தை நடத்தியவர். சரக்கு எங்கே தேங்கும், எங்கே கசியும், வரிசையில் நிற்கிற பெண்மணிக்கு எப்போது கோபம் வரும் என்று அவருக்குத் தெரியும். பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் பங்கீட்டுப் புத்தகம் உண்டு. 1942-ல் விருந்தாளியாக வந்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினாருக்கும் அரண்மனையில் போர்க்காலச் சாப்பாடுதான்.

இதில் என்னை மிகவும் தொட்டது பச்சை நிறப் புத்தகம். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தனியாகப் பச்சைப் புத்தகம் கொடுத்தார்கள். அதைக் காட்டினால் கூடுதல் பால், ஆரஞ்சுச் சாறு, மீன் எண்ணெய், பழம் வந்தால் முதல் உரிமை. தலைக்கு மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்டில், 1940 செப்டம்பர் 7 முதல் 57 இரவுகள் தொடர்ச்சியாகத் தாக்கப்பட்ட லண்டனில், போர் நடக்கும்போதே சிசு மரண விகிதம் இறங்கியது. ஏழைக் குடும்பங்கள் பல, போருக்கு முன் சாப்பிட்டதைவிடச் சத்தாகச் சாப்பிட்டன. ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் போர் முடியும்வரை பங்கீடே வரவில்லை. வயிறு நிரம்புவதற்கு ஏதாவது ஒன்று தட்டுப்பாடில்லாமல் கிடைத்தாக வேண்டும் என்று முடிவெடுத்து, அந்த முடிவைக் காப்பாற்றினார்கள். ரொட்டிக்குப் பங்கீடு வந்தது போர் முடிந்தபிறகு, 1946-ல்.

ஆக, ஒன்று தெளிவு. பஞ்சத்தை எப்படித் தடுப்பது என்று லண்டனுக்குத் தெரியும். விலையைக் கட்ட வேண்டும், பதுக்கலைத் தடுக்க வேண்டும், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பங்கு என்று எழுதிவைக்க வேண்டும், கப்பலில் எதற்கு முதலிடம் என்று முடிவெடுக்க வேண்டும். இத்தனையையும் உலகத்துக்கே பாடம் எடுக்கிற நேர்த்தியோடு செய்து காட்டிய அமைச்சரவை அது. அதே அமைச்சரவையின் ஆளுகைக்குள்தான் வங்காளமும் இருந்தது.

வடிகஞ்சி

வங்காளத்துக்கு வருமுன் பர்மாவைச் சொல்ல வேண்டும். அங்கே நம்மவர்களின் பங்கும் இருக்கிறது. எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம். பர்மா என்பது எங்கள் பக்கத்தில் பூகோளப் பாடத்தில் வருகிற ஊரில்லை. வீட்டுத் தூணிலும் கதவிலும் இருக்கிற தேக்கு. ஐராவதி டெல்டாவின் நெல் விவசாயம் நகரத்தார் வட்டிக்கடைப் பணத்தில் விரிந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடனைக் கட்ட முடியாமல் விவசாயிகள் இழந்த நிலம் கடைக்காரர்கள் கைக்கு வந்து, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் அவர்கள் பெயரில் இருந்தது. பர்மியர்களுக்கு இது தந்த வலியையும் மறைக்கக் கூடாது. அந்த வயல்களிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதியானது, பாதிக்குமேல் இந்தியாவுக்கு. சென்னை மாகாணமும் திருவிதாங்கூரும் இலங்கையும் அதை நம்பித்தான் உலை வைத்தன.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன். கப்பலில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் காட்டிலும் மலையிலும் நடந்தே வந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் பல ஆயிரம். எங்கள் அப்பத்தாவுக்கு அப்போது கல்யாண வயது. நடந்து வந்து சேர்ந்தவர்களைப் பார்த்ததைச் சொல்லும்போது அவர் முதலில் சொல்வது அவர்களின் பாதங்களைப் பற்றித்தான். ஊரே அந்தப் பாதங்களைப் பார்த்து அழுததாம். அதற்கப்புறம் வீட்டில் ரங்கூன் அரிசி நின்றுபோய், கேப்பையும் சோளமுமாக ஓடிய வருஷங்களைச் சொல்லுவார். எங்களுக்குப் போர் என்றால் அதுதான். ஸ்டாலின்கிராடும் எல் அலமைனும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை.

எங்கள் பக்கம் கேப்பையோடு தப்பித்தது. வங்காளம் தப்பிக்கவில்லை. இத்தனைக்கும் மொத்த உணவில் பர்மா அரிசியின் பங்கு அங்கே அவ்வளவு பெரிதில்லை. அமர்த்திய சென் பின்னாளில் கணக்குப் போட்டுக் காட்டியபடி, 1943-ல் வங்காளத்தில் கிடைத்த உணவு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிடச் சுமார் 5 சதவீதம்தான் குறைவு. பஞ்சம் இல்லாத 1941-ஐவிட அதிகமும்கூட. (சிறுவனாகச் சாந்திநிகேதனில் அந்தப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர்.) இந்தக் கணக்கை மறுத்து, பயிர் நோயால் விளைச்சல் இன்னும் மோசமாக அடிபட்டது என்பவர்களும் உண்டு. 1942 அக்டோபர் 16-ல் மிதுனாபூர் கடற்கரையைப் புயலும் கடல் பெருக்கும் துடைத்துப்போட்டதும் உண்மை. ஆனால் விலை ஏறிய வேகத்துக்கு விளைச்சல் மட்டும் காரணமாக இருக்க முடியாது. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு மணங்கு, அதாவது சுமார் 37 கிலோ, அரிசி 13, 14 ரூபாய். அடுத்த மே மாதத்தில் 30. ஆகஸ்டில் 37. நாள்கூலிக்கு நாற்று நட்டவருக்குக் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை.

விலை ஏன் ஏறியது? போர்ச் செலவுக்கு அரசு ரூபாயை அச்சடித்துத் தள்ளியது. இந்தியா பிரிட்டனுக்காகச் செய்த செலவெல்லாம் லண்டனில் கடன் கணக்காக ஏறிக்கொண்டே போனது. பணம் அங்கே, பண்டத் தட்டுப்பாடு இங்கே. ஜப்பான்காரன் வந்தால் அவன் கையில் சிக்கக் கூடாது என்று கடலோர மாவட்டங்களில் அரிசியை அள்ளிக்கொண்டு போனார்கள். பத்துப் பேருக்குமேல் ஏறக்கூடிய படகுகளை ஆயிரக்கணக்கில் பிடுங்கினார்கள், உடைத்தார்கள். ஆறும் கால்வாயுமாகக் கிடக்கிற நாட்டில் படகு இல்லாமல் மீன் பிடிக்க முடியாது, தீவு வயலுக்குப் போக முடியாது, நெல்லைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாது. முதலில் செத்தவர்களில் மீனவர்களும் படகோட்டிகளும் இருந்தது தற்செயல் இல்லை. அதற்குமேல் வியாபாரிகள் பதுக்கினார்கள். பதுக்கினால் லாபம் என்று தெரிந்தபிறகு பெரிய மிராசுகளும் பதுக்கினார்கள். மாகாண அமைச்சரவை அரிசி போதுமான அளவு இருக்கிறது என்று மேடை போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. பழியை லண்டன் தலையில் மட்டும் கட்டிவிட்டு நம்மவர்களை விட்டுவிட எனக்கு மனமில்லை.

கல்கத்தாவிலும் ஒரு பங்கீடு நடந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. போருக்கு வேண்டிய ஆலைகள், துறைமுகம், ரயில்வே, அரசு அலுவலகங்கள் ஆகியவற்றின் தொழிலாளர்களுக்கு மலிவு விலையில் தானியம் கொடுக்க வணிகர் சங்கமும் அரசும் ஏற்பாடு செய்திருந்தன. 'முன்னுரிமைப் பிரிவினர்' என்று அவர்களுக்குப் பெயர். அதாவது யாருக்குச் சோறு போட்டாக வேண்டும் என்ற பட்டியல் இருந்தது. கிராமத்துக் கூலிக்காரரும் அவர் மனைவியும் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் 1943 கோடையிலிருந்து நகரத்துக்கு நடந்து வரத் தொடங்கினார்கள். வீட்டு வாசல்களில் நின்று அவர்கள் கேட்டது சோறு இல்லை. சோறு கேட்டால் யாரும் போடமாட்டார்கள் என்று தெரிந்து, வடிகஞ்சி கேட்டார்கள். அரிசி வெந்ததும் வடித்துக் கீழே ஊற்றுகிற அந்தத் தண்ணீர். "அம்மா, கொஞ்சம் கஞ்சித் தண்ணி" என்று தகரக் குவளையை நீட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். அந்தக் குரலைக் கேட்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்; ஆயுள் முழுக்க அது காதை விட்டுப் போகவில்லை என்று. ஜைனுல் ஆபிதீன் என்ற இளம் ஓவியர் மலிவுத் தாளில் கறுப்பு மையால் அவர்களை வரைந்தார். விலா எலும்பு, குவளை, காகம். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, வடித்த கஞ்சியை யோசிக்காமல் கொட்ட என்னால் முடிவதில்லை.

1943 ஆகஸ்ட்

நண்பருடைய 1940 மே மாதத்தைப்போல எனக்கு 1943 ஆகஸ்ட். போர் திரும்பிக்கொண்டிருந்த மாதம். ரஷ்யாவின் கூர்ஸ்க் சமவெளியில் ஜெர்மன் டாங்கிகள் பின்வாங்கிக்கொண்டிருந்தன. சிசிலியில் நேச நாட்டுப் படைகள் முன்னேறின. முசோலினி கவிழ்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அட்லாண்டிக்கில் நீர்மூழ்கிகளின் முதுகு அந்த ஆண்டு மே மாதத்திலேயே முறிந்துவிட்டது. ஆகஸ்ட் 4-ஆம் தேதி, லண்டனில் போர் அமைச்சரவை இந்தியாவைப் பற்றிப் பேசியது. நான் பார்த்த நிலவறையில்தான் அந்தக் கூட்டம் நடந்தது என்று சொல்லவரவில்லை. ஆனால் அதே மனிதர்கள்தான், முன்னால் விரிந்திருந்தது அதே கப்பல் கணக்குதான். இந்தியாவுக்கான அமைச்சர் லியோ அமெரி கேட்டது 5 லட்சம் டன் கோதுமை. கிடைத்தது ஈராக்கிலிருந்து கொஞ்சம் பார்லி, வேறு சில சில்லறை ஏற்பாடுகள்.

அதற்கு முன்பே, ஜனவரியில், இந்தியப் பெருங்கடலுக்குப் போகும் கப்பல்களில் பாதிக்குமேல் வெட்டி அட்லாண்டிக் பக்கம் திருப்ப சர்ச்சில் உத்தரவிட்டிருந்தார். பிரிட்டனின் கையிருப்பு குறைந்துவிடும் என்ற பயம். அவருக்கு ஆலோசனை சொன்ன செர்வெல் பிரபுவின் கணக்குகளில், வங்காளத்துப் பசி நம்பத்தகாத புள்ளிவிவரமாகவும் இந்தியர்களின் நிர்வாகக் கோளாறாகவும் மட்டுமே வந்துபோனது. அமெரி எதிரிப் பாசறைக்காரர் இல்லை. சர்ச்சிலோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், அவருடைய கட்சிக்காரர், பேரரசின் மேல் அசையாத நம்பிக்கை கொண்டவர். அவர் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருப்பதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிறது. எப்படியும் அரைவயிற்றோடு கிடக்கிற வங்காளிகள் பட்டினி கிடப்பது, திடகாத்திரமான கிரேக்கர்கள் பட்டினி கிடப்பதைவிடக் குறைந்த விஷயம் என்ற பொருளில் சர்ச்சில் பேசியதாக எழுதுகிறார். இந்தியர்கள் முயல்கள்போலப் பெருகுகிறார்கள் என்று சொன்னதையும் எழுதுகிறார். அடுத்த ஆண்டு, இந்த விஷயத்தில் சர்ச்சிலின் பார்வைக்கும் ஹிட்லரின் பார்வைக்கும் தனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்று பிரதமரின் முகத்துக்கு நேராகவே சொன்னதாகக் குறித்திருக்கிறார்.

நான் அந்த ஒப்பீட்டை ஏற்கவில்லை. ஹிட்லர் கொல்வதற்காகவே ஆலைகள் கட்டியவர். சர்ச்சில் வங்காளிகளைக் கொல்லத் திட்டமிட்டார் என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை. 1943 ஆகஸ்டிலிருந்து 1944 முடியும்வரை கணிசமான தானியம் இந்தியாவுக்கு வந்தும் சேர்ந்தது. 1944 ஏப்ரல் இறுதியில் ஆஸ்திரேலியக் கோதுமையைக் கொண்டுவரக் கப்பல் தரும்படி சர்ச்சில் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதினார், ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். இவை எல்லாம் உண்மை. கொலைகாரரா மீட்பரா என்று கேட்டுக்கொண்டிருக்கும்வரை நானும் நண்பரும் வட்டம்தான் அடிப்போம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான் பார்ப்பது வேறு. பிரிட்டனில் ஒரு கர்ப்பிணிக்குப் பால் குறைந்தால் அரசு பதில் சொல்லியாக வேண்டும். அவள் கையில் பச்சைப் புத்தகம் இருந்தது, அவள் கணவனுக்கு ஓட்டு இருந்தது, அவளுக்கும் இருந்தது, வூல்டன் வானொலியில் வந்து அவளிடம் சமாதானம் சொல்லியாக வேண்டும். அவளுடைய தேவை மேசைக்கு வரும்போது கணக்கின் முதல் வரியாக வரும். மற்றதெல்லாம் அதற்கு ஏற்ப ஒதுங்கும். மிதுனாபூரில் படகை இழந்த மீனவரின் மனைவியிடம் அப்படி ஒரு காகிதம் இல்லை. அவளுடைய பசி மேசைக்கு வரும்போது, எல்லாவற்றுக்கும் ஒதுக்கியது போக ஏதாவது மிஞ்சினால் பார்க்கலாம் என்ற கடைசி வரியாக வந்தது. 'கப்பல் இல்லை' என்பது அந்தக் கடைசி வரிக்கு மட்டுமே சொல்லப்பட்ட பதில். முதல் வரிக்குக் கப்பல் எப்போதும் இருந்தது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் போரில் பிரிட்டனுக்காகச் சண்டையிட்ட இந்தியர்கள் சுமார் 25 லட்சம் பேர். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமலே திரண்ட படை. எல் அலமைனில் இருந்தார்கள், மோன்டே காசினோவில் இருந்தார்கள். 1944-ல் இம்பாலிலும் கொகிமாவிலும் ஜப்பானை நிறுத்திய தளபதி ஸ்லிம்மின் பதினான்காம் படையில் பெரும்பாலோர் அவர்களே. கணக்கில் அவர்களுடைய துப்பாக்கி முதல் வரியில் இருந்தது.

ஆகஸ்ட் 22-ஆம் தேதி கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ், நடைபாதையில் செத்துக்கொண்டிருந்தவர்களின் புகைப்படங்களை வெளியிட்டது. ஆசிரியர் இயன் ஸ்டீவன்ஸ் ஓர் ஆங்கிலேயர், பத்திரிகையும் ஆங்கிலேயர்களுடையது. பஞ்சம் என்ற செய்தியை அமுக்கிவைத்த தணிக்கை விதிகளில் புகைப்படங்களைப் பற்றி எதுவும் இல்லை என்ற இடுக்கில் நுழைந்து அவற்றை அச்சிட்டார். அந்த நாளில் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் கனடாவின் கியூபெக் நகரில், நார்மண்டிப் படையெடுப்பைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே வாரம் என்பதைத் தேதிகளை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். நார்மண்டி நம் பள்ளிப் பாடத்தில் உண்டு.

வேவல் வந்தபிறகு

"அவர் இடத்தில் வேறு யார் இருந்தாலும் இதுதானே நடந்திருக்கும்?" என்பது இந்தப் பேச்சில் கடைசியாக வருகிற கேள்வி. வேறு ஒருவர் வந்தார், அதனால் இதற்கு நேரடியாகவே பதில் இருக்கிறது. 1943 அக்டோபரில் லின்லித்கோ போய் வேவல் வைஸ்ராய் ஆனார். ஏழரை ஆண்டு பதவியில் இருந்த லின்லித்கோ, பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது வங்காளத்துக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. வேவல் சிப்பாய். வட ஆப்பிரிக்காவில் இத்தாலியர்களை வென்று, பிறகு ஜெர்மன் தளபதி ரோமலிடம் அடி வாங்கி, சர்ச்சிலின் நம்பிக்கையை இழந்து, ஒதுக்கிவைப்பதற்காகவே டெல்லிக்கு அனுப்பப்பட்டவர். பதவியேற்ற ஒரே வாரத்தில் கல்கத்தாவுக்குப் போனார். இரவில் தெருக்களில் படுத்துக்கிடந்தவர்களைப் போய்ப் பார்த்தார். மிதுனாபூருக்கும் போனார். அடுத்து ராணுவத்தைக் கூப்பிட்டார்.

சிப்பாய்கள் அரிசி மூட்டைகளைக் காவலோடு மாவட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். ராணுவ லாரிகள் ஓடின, நகரத்தில் கிடந்த ஏழைகளுக்கு முகாம்கள் வந்தன, மருத்துவக் குழுக்கள் கிராமங்களுக்குப் போயின. தொடர்ந்து லண்டனுக்குத் தந்தி மேல் தந்தி. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் எந்த மக்களுக்கும் நேர்ந்த பேரழிவுகளில் மிகப் பெரியவற்றுள் இது ஒன்று என்று 1944 பிப்ரவரியில் எழுதினார். பதில் தந்திகளில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஒருமுறை, காந்தி ஏன் இன்னும் சாகவில்லை என்று எரிச்சலோடு கேட்டு சர்ச்சில் தந்தி அடித்ததாக வேவல் தன் குறிப்பில் பதிந்திருக்கிறார்.

வேவல் எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை. அதற்குள் உடம்பு ஒடுங்கிப்போன மக்களை மலேரியாவும் காலராவும் அம்மையும் 1944 முழுக்க வாரிக்கொண்டு போயின. மொத்தச் சாவில் பாதிக்குமேல் அரிசி திரும்பக் கிடைக்கத் தொடங்கியபிறகு நடந்தவை. ஆனால் அவர் பயன்படுத்திய லாரிகளும் சிப்பாய்களும் எந்தக் கப்பலிலும் புதிதாக வந்து இறங்கவில்லை. ஜப்பானை எதிர்கொள்ள அவர்கள் கிழக்கு எல்லையில் முன்பே குவிந்திருந்தார்கள். அந்த அரிசியைத் தாங்கிப்போன சாலைகளும் தண்டவாளங்களும் ஜூன் மாதத்திலும் இருந்தன, ஆகஸ்டிலும் இருந்தன. கேட்க ஓர் ஆள் வந்ததும் கிடைத்தன. 1944 ஜனவரி இறுதியில், பிரிட்டனில் பங்கீடு தொடங்கி நான்கு ஆண்டுகளுக்குமேல் கழித்து, கல்கத்தா நகரத்துக்கு ரேஷன் அட்டை வந்தது.